கம்பி வழியே வரும் காலம்

என் மேசையில் இருக்கும் சிறிய டேக் ஒன்றின் மூடியைப் போன வாரம் கழற்றினேன். கணினியோ சிடி பிளேயரோ தரும் எண்களை வாங்கி, ஆம்ப்ளிஃபையருக்குத் தேவையான மின்னலையாக மாற்றித் தரும் பெட்டியைத்தான் டேக் என்கிறோம். பச்சைப் பலகையின் நடுவே, கறுப்புச் சிப்புகளுக்கு இடையில், துவரம்பருப்பு அளவே உள்ள இரண்டு வெள்ளி நிற உலோகக் கூடுகள் அக்கம்பக்கமாக உட்கார்ந்திருந்தன. லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் அவற்றின் முதுகில் பொறித்த எண்கள் தெரிகின்றன. ஒன்றில் 22.5792. மற்றதில் 24.576.

உள்ளே இருப்பது குவார்ட்ஸ் படிகத்தின் மெல்லிய சீவல். மின்னழுத்தம் பட்டால் அது அதிரும். எவ்வளவு வேகத்தில் அதிர வேண்டும் என்பதை அதன் தடிமன் தீர்மானித்துவிடுகிறது. முதல் கூட்டில் உள்ள சீவல் நொடிக்கு 2 கோடியே 25 லட்சத்து 79 ஆயிரத்து 200 முறை துடிக்கிறது. இதை 512ஆல் வகுத்துப் பாருங்கள்: 44,100. சிடியில் பதிவான இசைக்கு நொடிக்கு 44,100 எண்கள். இரண்டாவது கூட்டின் துடிப்பை அதே 512ஆல் வகுத்தால் 48,000 வரும். அது வீடியோவோடு சேர்ந்து வரும் ஒலிக்கான கணக்கு. வீட்டில் கேட்கும் டிஜிட்டல் இசையில் பெரும்பகுதி இந்த இரண்டு கணக்குகளில் ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறது. அந்தத் துடிப்பில் விழும் மிகச் சிறு தடுமாற்றத்துக்குப் பெயர் ஜிட்டர். நேர நடுக்கம் என்று தமிழில் சொல்லலாம்.

டிஜிட்டல் கேபிளை மாற்றினால் பாட்டு மாறுமா என்ற சண்டை 30 ஆண்டுகளுக்கும் மேலாக நடக்கிறது. "கம்பியில் போவது பூஜ்யமும் ஒன்றும்தானே, பூஜ்யம் எப்படி ஒன்றாக மாறும்?" என்று ஒரு தரப்பு கேட்கிறது. பல ஆயிரம் ரூபாய் கேபிளைச் செருகியதும் பாடகரின் குரல் கண்முன்னே வந்து நின்றது என்கிறது மறு தரப்பு. முதல் தரப்பு ஜிட்டர் பிறக்கும் விதத்தைக் கவனிக்கவில்லை. இரண்டாம் தரப்பு அதன் அளவைக் கவனிக்கவில்லை. கேபிளைப் பற்றிப் பேசும் முன் கடிகாரம் எந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்று கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

வாசலில் புள்ளிக் கோலம் போடுகிறவர்களுக்கு விஷயம் எளிதில் பிடிபடும். புள்ளிகளைச் சீரான இடைவெளியில் வைத்தால்தான் அவற்றைச் சுற்றி இழுக்கும் கோடு அழகாக வளையும். டிஜிட்டல் ஒலியும் புள்ளிக் கோலம்தான். மைக் பிடித்த மின்னலையின் உயரத்தை நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 65,536 படிகளில் ஒன்றாகக் குறித்து வைக்கிறோம். 1982இல் சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து கொண்டுவந்த சிடியின் ஒப்பந்தம் இது. கேட்கும்போது டேக் அந்தப் புள்ளிகளை மறுபடி வைத்து, அவற்றின் வழியே கோட்டை இழுக்கிறது.

இங்கே பலர் தவறவிடும் ஒன்று இருக்கிறது. சிடியில் எழுதப்பட்டவை புள்ளிகளின் உயரங்கள் மட்டும். எந்தப் புள்ளி எந்த நேரத்துக்குரியது என்பது எங்கும் எழுதப்படவில்லை. "சம இடைவெளியில் வை, இடைவெளி 22.68 மைக்ரோநொடி" என்ற உடன்பாடு ஒன்றுதான் உண்டு. அதாவது இசையின் பாதித் தகவல், அதன் காலம், பதிவில் இல்லை. கேட்கும் நேரத்தில் யாராவது அதைப் புதிதாக உண்டாக்கித் தர வேண்டும். உயரம் ஒரு படிகூடப் பிசகாமல் இருந்து, புள்ளி சற்று முன்னேயோ பின்னேயோ வைக்கப்பட்டால், இழுக்கும் கோடு மூல அலையிலிருந்து விலகிவிடும். எண் சரி, அலை தவறு.

எவ்வளவு விலகினால் கெடும்? அலை எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறதோ அவ்வளவுக்கு நேரப் பிழை உயரப் பிழையாக மாறும். சமதளத்தில் ஓரடி தள்ளி நின்றால் ஒன்றும் ஆகாது. மலைப்படியில் ஓரடி தள்ளி நின்றால் உயரமே மாறிவிடும். நடைமுறையில் சிடியில் பதிவு செய்யக்கூடிய மிகச் செங்குத்தான அலை, முழு அளவில் ஒலிக்கும் 20,000 ஹெர்ட்ஸ் சுரம். அந்த அலை தன் ஏற்றத்தில் 65,536 படிகளில் ஒரு படியைத் தாண்ட எடுத்துக்கொள்ளும் நேரம் 243 பிக்கோநொடி. ஒரு பிக்கோநொடி என்பது நொடியை லட்சம் கோடியாகப் பங்கிட்டதில் ஒரு பங்கு. ஒளிகூட அந்த 243 பிக்கோநொடியில் 7 சென்டிமீட்டர்தான் போகும், சுண்டுவிரல் நீளம். அவ்வளவு நேரம் பிசகினால் ஒரு படி பிழை.

கேட்கவே மலைப்பாக இருக்கும். ஆனால் 20,000 ஹெர்ட்ஸில் முழு அளவில் ஒலிக்கும் இசை எதுவும் இல்லை. 1,000 ஹெர்ட்ஸ் சுரத்துக்கு இதே கணக்கைப் போட்டால் ஒரு படிக்கு ஏறக்குறைய 5 நானோநொடி கிடைக்கிறது. இருபது மடங்கு தாராளம். மனிதக் குரலின் பெரும்பகுதி அதற்கும் கீழே ஒலிப்பது.

பிழையின் அளவைவிட அதன் சாயல் முக்கியம். நடுக்கம் ஒழுங்கில்லாமல் இருந்தால் இசைக்குப் பின்னால் மெல்லிய இரைச்சலாகப் படியும். காது அதைப் பொறுத்துக்கொள்ளும். நடுக்கத்துக்கு ஒரு தாளம் இருந்தால் கதை வேறு. மின்வழங்கியின் 100 ஹெர்ட்ஸ் அலைவு கடிகாரத்தை அசைக்கிறது என்று வையுங்கள். அப்போது 10,000 ஹெர்ட்ஸ் சுரத்தின் இரு பக்கமும் 9,900, 10,100 என்று இரண்டு துணையொலிகள் முளைக்கும். வீணையில் இயல்பாகப் பிறக்கும் மேற்சுரங்கள் இரு மடங்கு, மும்மடங்கு என்று மூலச் சுரத்தோடு உறவு கொண்டவை. ஜிட்டர் தரும் துணையொலிகளுக்கு அந்த உறவு கிடையாது. ஒரு நானோநொடி வீச்சுள்ள நடுக்கத்தில் அவை மூலச் சுரத்தில் 32,000இல் ஒரு பங்கு வலுவோடு இருக்கும். அதாவது 90 டெசிபல் கீழே. இந்த 90 என்ற எண்ணை நினைவில் வைத்திருங்கள்.

சரி, கேபிள் இதில் எங்கே வருகிறது?

சிடி பிளேயரும் டேக்கும் ஒரே பெட்டிக்குள் இருந்த காலத்தில் கேள்வியே எழவில்லை. ஒரு படிகம், ஒரு துடிப்பு, எல்லாச் சிப்புகளும் அதற்குக் கட்டுப்பட்டவை. டேக்கைத் தனிப் பெட்டியாகப் பிரித்ததும் இரண்டுக்கும் நடுவே ஒரு பாலம் தேவைப்பட்டது. எஸ்பிடிஐஎஃப் என்ற அந்தப் பாலத்தின் பெயரிலேயே சோனியும் பிலிப்ஸும் ஒளிந்திருக்கிறார்கள். ஒரே ஒரு கம்பி, கடைகளில் ஏற்கெனவே கிடைக்கும் ஆர்சிஏ முனை, அரை வோல்ட் அளவே உள்ள சைகை. மலிவாக, எளிமையாக இருக்க வேண்டும் என்பதற்காக அந்த ஒரே கம்பியில் எண்ணையும் காலத்தையும் சேர்த்துக் கட்டி அனுப்பினார்கள். ஜிட்டர் தகராறின் வேர் இந்த முடிவில் இருக்கிறது.

எப்படிக் கட்டினார்கள் என்பதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். ஒவ்வொரு பிட் தொடங்கும் இடத்திலும் கம்பியின் மின்னழுத்தம் கட்டாயம் ஒரு முறை புரளும், மேலிருந்து கீழே அல்லது கீழிருந்து மேலே. அந்தப் பிட் 'ஒன்று' என்றால் நடுவிலும் ஒரு முறை புரளும். 'பூஜ்யம்' என்றால் நடுவில் புரளாது. சிடியின் வேகத்தில் கணக்கிட்டால், 'ஒன்று' என்பது தலா 177 நானோநொடி நீளமுள்ள இரண்டு துடிப்புகள். 'பூஜ்யம்' என்பது 354 நானோநொடி நீளமுள்ள ஒரே துடிப்பு. இப்படிப் போகும் வரிசையில் ஒவ்வோர் எண்ணின் தொடக்கத்தையும் எப்படிக் காட்டுவது? எந்த எண்ணிலும் வரவே முடியாத 531 நானோநொடித் துடிப்பு ஒன்றை முன்னால் வைத்தார்கள். அது வந்தால் புது எண் தொடங்குகிறது என்று பொருள். இடது காதுக்கு ஒரு எண், வலது காதுக்கு ஒரு எண், கூடவே சில குறிப்புப் பிட்டுகள் என்று நொடிக்கு 28 லட்சத்துச் சொச்சம் பிட்டுகள் இப்படி ஓடுகின்றன.

மிக நேர்த்தியான வேலை இது. கம்பியை எப்படித் திருப்பி இணைத்தாலும் பொருள் மாறாது. சிறு டிரான்ஸ்ஃபார்மர் வழியாகவும் போகும். டேக்கின் வாசலில் இருக்கும் சிப், மின்னழுத்தம் புரளும் நேரங்களைக் கவனித்து, அவற்றிலிருந்து கடிகாரத்தை மீட்டெடுக்கும். அந்த வேலைக்கு பிஎல்எல் என்ற சுற்று உண்டு. கச்சேரியில் மிருதங்கக்காரர் செய்வதைத்தான் அது செய்கிறது. பாடகர் ஒரு சொல்லைச் சற்று முன்னே தள்ளிப் பாடினாலும் அவர் தாளத்தை விடமாட்டார். பாட்டின் காலப்பிரமாணமே மெல்லக் கூடினால் அதைப் பிடித்துக்கொண்டு கூடவே போவார். பிஎல்எல்லும் வேகமான நடுக்கத்தை உதறிவிட்டு, மெதுவான மாற்றத்தைப் பின்தொடரும். எது வேகம், எது மெதுவு என்ற எல்லைக்கோட்டைச் சுற்றை வடிவமைப்பவர் போடுகிறார். எல்லைக்கோடு எந்த அளவுக்குக் கீழே இருக்கிறதோ அந்த அளவுக்குக் கடிகாரம் தூய்மையாக இருக்கும். தொடக்க காலச் சிப்புகள் பலவற்றில் அந்தக் கோடு பல ஆயிரம் ஹெர்ட்ஸில் இருந்தது. அதற்குக் கீழ்ப்பட்ட நடுக்கமெல்லாம் கம்பியிலிருந்து நேரே டேக்குக்குள் போய்விடும்.

கம்பியில் அந்த நடுக்கம் பிறப்பது எப்படி? காகிதத்தில் வரைந்தால் மின்னழுத்தம் செங்குத்தாகப் புரளும். உண்மையில் அது சரிவாக ஏறி இறங்கும். அரை வோல்ட் ஏற 20 நானோநொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு நானோநொடிக்கு 25 மில்லிவோல்ட் ஏறுகிறது. சரிவு நடுக்கோட்டைத் தாண்டும் நொடியைத்தான் டேக் 'புரண்ட நேரம்' என்று குறித்துக்கொள்ளும். கம்பியில் ஒரு மில்லிவோல்ட் இரைச்சல் சேர்ந்தால் போதும், அந்த நேரம் 40 பிக்கோநொடி நகர்ந்துவிடும். பிட் மாறவில்லை, பூஜ்யம் பூஜ்யமாகவே இருக்கிறது, ஒன்று ஒன்றாகவே இருக்கிறது. நேரம் மட்டும் நகர்ந்தது. "பூஜ்யமும் ஒன்றும்தானே" என்பவர்கள் விட்டுவிடும் இடம் இதுதான்.

இதைவிட நுட்பமான காரணம் ஒன்று உண்டு. கபடியில் ரெய்டு போகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். கடைசிக் கோடு வரை போனவர் நடுக்கோட்டுக்குத் திரும்ப நேரமாகும். பாதியிலேயே திரும்பியவர் முன்னதாக வந்துவிடுவார். கம்பியின் வேகம் போதாதபோது மின்னழுத்தமும் இப்படித்தான் நடந்துகொள்கிறது. 354 நானோநொடித் துடிப்பில் அது முழு உயரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பும். 177 நானோநொடித் துடிப்பில் உச்சியைத் தொடும் முன்பே திரும்ப வேண்டியிருக்கும். அதனால் நடுக்கோட்டைச் சற்று முன்னதாகத் தாண்டும். ஆக, புரளும் நேரம் அதற்கு முன்னால் போன பிட்டுகளைப் பொறுத்து மாறுகிறது. அந்தப் பிட்டுகள் இசையின் எண்கள். இசையே தன் கடிகாரத்தை அசைக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

1992இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த ஒலிப் பொறியியல் சங்கத்தின் மாநாட்டில் இது பற்றி இரண்டு ஆய்வுரைகள் படிக்கப்பட்டன. எசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் மால்கம் ஹாக்ஸ்ஃபோர்டும் கிறிஸ் டன்னும் படித்த உரையின் தலைப்பே, இந்த இணைப்பு முறை குறையுள்ளதா என்ற கேள்விதான். வேகம் குறைந்த கம்பியில் பிட்டுகளின் வரிசை எப்படி நேர நடுக்கமாக மாறுகிறது என்று அவர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். அதே மாநாட்டில் ஜூலியன் டன் ஜிட்டரை அளந்து மதிப்பிடும் முறைகளை விளக்கினார். பெயர் ஒத்திருந்தாலும் இவர் வேறு ஆள்.

ஜூலியன் டன் உருவாக்கிய ஜே-டெஸ்ட் என்ற சோதனைச் சைகையை இன்றும் டேக்குகளை அளக்கப் பயன்படுத்துகிறார்கள். அதன் சூட்சுமம் எனக்கு மிகவும் பிடித்தது. 11,025 ஹெர்ட்ஸ் சுரம் ஒன்று. அதோடு, எண்ணின் மதிப்பு கடைசி பிட் அளவுக்கு மட்டும் நொடிக்கு ஏறக்குறைய 230 முறை மாறி மாறி வரும். கடைசி பிட்தானே என்று நினைக்கக் கூடாது. 10,000இலிருந்து ஒன்றைக் கழித்தால் 9,999 ஆகி எல்லா இலக்கமும் மாறிவிடுவதுபோல், அந்த ஒரு பிட்டின் மாற்றத்தில் எண்ணின் பிட்டுகள் ஏறக்குறைய அத்தனையும் புரண்டுவிடும்படி எண்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். இசையாகக் கேட்டால் மாற்றம் மிகமிகச் சிறியது. கம்பிக்கோ பெரும் அதிர்ச்சி. டேக்கின் வெளிவாயிலில் 11,025 ஹெர்ட்ஸுக்கு இரு பக்கமும் 230 ஹெர்ட்ஸ் தள்ளித் துணையொலிகள் முளைத்திருந்தால், அந்த டேக் கம்பியின் நேரத்தை நம்பி ஏமாந்துவிட்டது என்று தெரியும்.

ஒலிக்காரர்கள் இதைக் கண்டுபிடிக்கும் முன்பே தொலைபேசிப் பொறியாளர்கள் இதோடு மல்லுக்கட்டியவர்கள். அமெரிக்காவின் பெல் நிறுவனம் 1962இல் டி1 என்ற டிஜிட்டல் தொலைபேசித் தடத்தைத் தொடங்கியது. ஏறக்குறைய 1.8 கிலோமீட்டருக்கு ஒரு முறை சைகையைப் புதுப்பிக்கும் பெட்டி. ஒவ்வொரு பெட்டியும் வரும் சைகையிலிருந்தே கடிகாரத்தை எடுத்துக்கொள்ளும். ஒவ்வொன்றும் சேர்க்கும் சிறு நடுக்கம் வரிசை நெடுகக் கூடிக்கொண்டே போவதை அவர்கள் அடுத்த ஆண்டே கணக்கிட்டு எழுதிவிட்டார்கள்.

வீட்டுக்குத் திரும்புவோம். கேபிளில் எதைப் பார்த்து வாங்க வேண்டும்? 75 ஓம். வேறொன்றும் இல்லை. கோஆக்சியல் கேபிளின் இந்த 75 ஓம் என்ற இயல்பு, நடுக்கம்பியின் விட்டத்துக்கும் அதைச் சுற்றிய வலையின் விட்டத்துக்கும் உள்ள விகிதத்தையும், இரண்டுக்கும் நடுவே உள்ள பிளாஸ்டிக்கையும் பொறுத்தது. தங்க முலாமுக்கும் வெள்ளிக் கம்பிக்கும் இதில் பங்கில்லை. 50 ஓம் கேபிளை 75 ஓம் வாசலில் செருகினால் சைகையின் ஐந்தில் ஒரு பங்கு எதிரொலித்துத் திரும்பும். கேபிளில் சைகை ஒரு மீட்டருக்குச் சுமார் 5 நானோநொடி எடுக்கும். ஒரு மீட்டர் கேபிளில் எதிரொலி போய்த் திரும்ப 10 நானோநொடி. 20 நானோநொடிச் சரிவு ஏறி முடிவதற்குள் அதன் மேலேயே வந்து விழும். நடுக்கோட்டைத் தாண்டும் நேரம் கலைந்துபோகும்.

பழைய டிவிடி பிளேயரோடு வந்த மூவண்ணக் கேபிளில் மஞ்சள் முனை உங்களிடம் இன்னும் இருக்கலாம். வீடியோவுக்கானது என்பதால் மஞ்சள் கம்பியை 75 ஓம் கணக்கில் செய்வது வழக்கம். சிவப்பு, வெள்ளைக் கம்பிகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கேபிள் டிவிக்காரர் மாடியிலிருந்து இழுத்துவிடும் ஆர்ஜி-6 ஒயரும் 75 ஓம்தான்; மீட்டருக்குச் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும். அதில் நல்ல ஆர்சிஏ முனையைப் பொருத்திக்கொண்டால் வீட்டுக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை என்பேன்.

ஆப்டிகல் கேபிளுக்குத் தனிக் குணம். தோஷிபா 1983இல் கொண்டுவந்த டாஸ்லிங்க் முறை அது. ஓடிக்கொண்டிருக்கும் கருவியிலிருந்து மறுமுனையை உருவி உள்ளங்கையில் காட்டுங்கள். செம்புள்ளி ஒன்று விழும். உங்கள் பாட்டு அந்தச் சிவப்பு ஒளியாக ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளாஸ்டிக் இழையில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒளியை விடும் முனையும் அதை உணரும் முனையும் அவ்வளவு வேகமானவை அல்ல. ஆகவே நல்ல கோஆக்சியலைவிட இதில் ஜிட்டர் பெரும்பாலும் கூடுதலாகவே அளவாகும்.

அப்படியிருந்தும் என் வீட்டு டிவிக்கு நான் ஆப்டிகல்தான் போட்டிருக்கிறேன். முதலில் கோஆக்சியலில்தான் செட்டாப் பாக்ஸை இணைத்திருந்தேன். இரவு வீடு அடங்கியதும் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல். ஆம்ப்ளிஃபையரைச் சந்தேகித்தேன், ஸ்பீக்கர் ஒயரைப் பிரித்துப் பார்த்தேன். கடைசியில் செட்டாப் பாக்ஸின் பின்னால் திருகியிருந்த டிவி ஒயரைக் கழற்றியதும் முனகல் நின்றுவிட்டது. மாடி வழியாக வந்த ஒயரின் எர்த்தும், எங்கள் வீட்டுச் சுவர் பிளக்கின் எர்த்தும் ஒரே மட்டத்தில் இல்லை. இரண்டுக்கும் நடுவே ஓடிய மின்னோட்டம் டிஜிட்டல் கேபிளின் வெளிவலையைப் பாதையாக்கிக்கொண்டது. கண்ணாடிபோல் மின்சாரத்தைக் கடத்தாத பிளாஸ்டிக் இழையை நடுவே போட்டதும் பாதை அறுந்தது, முனகலும் போயிற்று. அளவுகோலில் மட்டும் தெரியும் சில நூறு பிக்கோநொடிகளைவிட, அடுத்த அறைவரை கேட்கும் முனகல் பெரிய கேடு. எர்த் சரியில்லாத வீடுகள் நம்மிடம் ஏராளம். கேபிளை மாற்றியதும் ஒலி துப்புரவானது என்று சொல்பவர்களில் சிலர் உண்மையில் இந்த வித்தியாசத்தைத்தான் கேட்டிருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

காதுக்கு எவ்வளவு ஜிட்டர் தெரியும்? டால்பி ஆய்வகத்தின் எரிக் பெஞ்சமினும் பெஞ்சமின் கேனனும் 1998இல் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். தனிச் சுரத்தில், மிகவும் சாதகமான நிலையில், 10 நானோநொடி அளவில் கேட்பவர்கள் கண்டுகொண்டார்கள். இசையில் 20 நானோநொடிக்குக் கீழே யாருக்கும் தெரியவில்லை; பல பாடல்களில் அதைவிட எவ்வளவோ கூட்ட வேண்டியிருந்தது. 2005இல் ஜப்பானில் கவோரு அஷிஹாராவும் உடன் ஆய்வாளர்களும் ஒழுங்கற்ற ஜிட்டரை வைத்துச் சோதித்தபோது, பயிற்சி பெற்ற காதுகளுக்கும் சில நூறு நானோநொடிகள் தேவைப்பட்டன. கேட்டவர்கள் தங்களுக்குப் பழகிய கருவிகளில், பிடித்த பாடல்களைத்தான் கேட்டார்கள்.

இன்று நடுத்தர விலையில் கிடைக்கும் நல்ல டேக்கில் ஜிட்டர் ஒரு நானோநொடிக்கும் கீழே. நினைவில் வைக்கச் சொன்ன 90 டெசிபல் இங்கே உதவும். 90 டெசிபல் கீழே இருக்கும் துணையொலி, பக்கத்திலேயே ஒலிக்கும் பெரிய சுரத்தின் நிழலில் மறைந்துவிடும். நாகஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒருவர் மூச்சு விடுவதைக் கேட்க முயல்வதுபோல் அது. ஜிட்டர் உண்மை, அளக்க முடிகிறது, கம்பியில் பிறக்கிறது. இன்றைய வீடுகளில் காதுக்கு எட்டும் அளவுக்கு அது வளர்வது மிக அரிது.

பதிவரங்கில் மட்டும் இதைச் சொல்ல மாட்டேன். மைக்கின் அலையை எண்ணாக்கும் நேரத்தில் கடிகாரம் நடுங்கினால், தவறான இடத்தில் அளந்த உயரம் எண்ணாகவே பதிந்துவிடும். பின்னால் எவ்வளவு நல்ல டேக்கில் போட்டாலும் அதை எடுக்க முடியாது. பதிவு செய்பவர்கள் கடிகாரத்துக்குச் செலவழிப்பது முழுக்க நியாயம்.

வீட்டில் பிரச்சினையைத் தீர்த்தது நல்ல கேபிள் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். பொறியாளர்கள் காலத்தைக் கம்பியிலிருந்து பிரித்து எடுத்துவிட்டார்கள். ஒரு வழி, வரும் எண்களைச் சிறு நினைவகத்தில் தேக்கி, டேக்கின் பக்கத்திலேயே உள்ள படிகத்தின் துடிப்பில் வெளியே விடுவது. வீட்டு மாடித் தொட்டியில் மோட்டார் தண்ணீர் விட்டு விட்டு ஏறும். குழாயில் சீராக வரும். தொட்டி நிரம்பி வழியவும் கூடாது, வற்றவும் கூடாது என்பதுதான் சிக்கல். அனுப்பும் பெட்டியின் படிகமும் டேக்கின் படிகமும் துல்லியமாக ஒரே வேகத்தில் துடிக்காததால் ஏதாவது ஒன்று நிச்சயம் நடக்கும். அதற்காகச் சில டேக்குகள் தொட்டியின் மட்டத்தைப் பார்த்துத் தங்கள் கடிகாரத்தை மிக மிக மெதுவாகத் திருத்திக்கொள்கின்றன. வேறு சில, வந்த எண்களிலிருந்து தம் கடிகாரத்துக்குப் பொருந்தும் புதிய எண்களைக் கணக்கிட்டுக்கொள்கின்றன.

யுஎஸ்பியில் கிடைத்த தீர்வுதான் எல்லாவற்றிலும் அழகு. தொடக்க கால யுஎஸ்பி டேக்குகள் பெரும்பாலும் கணினியின் நேரத்துக்கு அடிபணிந்தவை. கணினி மில்லிநொடிக்கு ஒரு பொட்டலம் அனுப்பும். மில்லிநொடிக்கு 44.1 எண்கள் வேண்டும், பொட்டலத்தில் 0.1 எண்ணை வைக்க முடியாது. ஆகவே ஒன்பது பொட்டலங்களில் 44, பத்தாவதில் 45. இந்த நொண்டி நடையிலிருந்து டேக் சீரான துடிப்பை உண்டாக்க வேண்டியிருந்தது. அசிங்க்ரனஸ் முறை வந்ததும் அதிகாரம் கைமாறியது. டேக் தன் படிகத்தின் வேகத்தில் ஓடும். எண்கள் குறைந்தால் "இன்னும் கொஞ்சம் அனுப்பு", கூடினால் "சற்றுக் குறை" என்று கணினிக்குத் தகவல் சொல்லும். நான் மூடியைக் கழற்றிப் பார்த்த பெட்டியில் இரண்டு கூடுகள் இருந்தது இதற்காகத்தான். 44,100க்கு ஒன்று, 48,000க்கு ஒன்று. கம்பி இங்கே எண்களை மட்டும் சுமக்கிறது. இந்த முறையில் யுஎஸ்பி கேபிள் ஜிட்டரைத் திருத்துகிறது என்று விற்பவர்கள், அங்கே இல்லாத நோய்க்கு மருந்து விற்கிறார்கள். நெட்வொர்க் வழியாகப் பாட்டுக் கேட்பவர்களுக்கு லேன் கேபிளைப் பற்றியும் இதையேதான் சொல்வேன். அதில் பாட்டு பொட்டலம் பொட்டலமாக, சில நொடிகள் முன்கூட்டியே வந்து நினைவகத்தில் காத்திருக்கிறது.

எச்டிஎம்ஐயில் ஒலியின் கடிகாரம் தனியாக வருவதில்லை. படத்தின் கடிகாரத்தைக் கொடுத்து, அதை எந்த எண்ணால் பெருக்கி எந்த எண்ணால் வகுக்க வேண்டும் என்றும் சொல்லிவிடுவார்கள். வாங்கும் கருவிதான் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். இதில் ஜிட்டர் கூடுதலாக அளக்கப்படுவது வழக்கம். இங்கேயும் அந்தக் கருவியின் திறமைதான் பேசும், கேபிளின் விலை பேசாது.

பிட்டுகள் பிசகாமல் போகின்றனவா என்று உறுதிசெய்ய எளிய வழி இருக்கிறது. டிடிஎஸ் முறையில் பதிவான சிடி ஒன்றை எஸ்பிடிஐஎஃப் வழியாக ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்புங்கள். பிட்டுகள் அப்படியே வந்தால் டிடிஎஸ் விளக்கு எரிந்து இசை ஒலிக்கும். வழியில் எதுவாவது எண்களைத் தொட்டிருந்தால் வெறும் இரைச்சல்தான் வரும். ஒலியளவைக் குறைத்து வைத்துக்கொண்டு செய்து பாருங்கள்.

விலை உயர்ந்த கேபிளை வாங்கலாமா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாங்கும் முன் இரண்டு நாள் இரவல் வாங்கி வாருங்கள். வீட்டில் உள்ள ஒருவரை, காசைச் சுண்டிப் பார்த்து, உங்கள் கண்ணில் படாமல் இரண்டு கேபிள்களில் ஒன்றைச் செருகச் சொல்லுங்கள். ஒரே பாட்டின் ஒரே பகுதியை, ஒலியளவைத் தொடாமல், 16 முறை கேளுங்கள். ஒவ்வொரு முறையும் எந்தக் கேபிள் என்று தாளில் எழுதி வையுங்கள். குருட்டாம்போக்கில் சொல்பவருக்கு 12 அல்லது அதற்கு மேல் சரியாக அமைய 100இல் 4 வாய்ப்புகூட இல்லை. உங்களுக்கு 12 வந்தால் தாராளமாக வாங்குங்கள். வராவிட்டால் அந்தப் பணத்தை ஸ்பீக்கருக்கோ, வீட்டு எர்த்தைச் சரிசெய்யும் எலக்ட்ரீஷியனுக்கோ கொடுங்கள்.